ஓர் எண்ணும் மூன்று அளவைகளும்

1

எண்ணைப் பற்றித் தமிழில் யார் எழுதப் புகுந்தாலும் 1729 வந்துவிடுகிறது. கூடவே ராமானுஜன், ஹார்டி, வாடகைக் கார். திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு அந்த எண் ஸ்தல புராணமாகிவிட்டது. அதில் சிந்திக்க எதுவும் மிச்சமில்லை. நான் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு எண். அதற்குப் புராணம் உண்டு, ஆனால் நம்மிடையே இல்லை:

147573952589676412927

இருபத்தோரு இலக்கங்கள். இரண்டை அறுபத்தேழு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியமணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று அரசனைக் கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அறுபத்துநான்கு கட்டங்களுக்கும் சேர்த்து 18446744073709551615 மணிகள். பலகையில் இன்னும் மூன்று கட்டங்கள் இருந்திருந்தால் அரசன் தரவேண்டியிருந்தது நம் எண்ணை.

இந்த எண் பகா எண்ணா, பகு எண்ணா என்ற கேள்விக்கு மூன்று காலங்களில் மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள். ஒருவர் சொன்னது தவறு. இன்னொருவர் சொன்னது சரி, ஆனால் எதையும் காட்டவில்லை. மூன்றாமவர் காட்டினார், எதுவும் சொல்லவில்லை என்பது கதை. ஒன்றைத் 'தெரியும்' என்று நாம் சொல்லும்போது என்ன சொல்கிறோம் என்பதும், ஒன்றை 'இது சரியில்லை' என்று தள்ளும்போது நமக்கு என்ன கடமை நேர்கிறது என்பதும் இந்த மூவருக்கிடையில் கிடக்கின்றன. என் அக்கறை அதில்தான். கணிதம் அதற்குச் சாட்சி.

2

சைவ சித்தாந்தத்தில் அளவை என்று ஒரு பகுதி உண்டு. காண்டல், கருதல், உரை என்று அறிவுக்கு மூன்று வாயில்கள் அதில் பேசப்படுகின்றன. வடமொழியில் பிரத்யட்சம், அனுமானம், சப்தம். நம்பத்தகுந்தவன் சொல்வதை நம்பி அறிவது உரை. நம் எண்ணின் கதை உரையில்தான் தொடங்குகிறது.

மாரென் மெர்ஸென் (1588-1648) பாரிஸில் இருந்த கத்தோலிக்கத் துறவி. டெகார்த், ஃபெர்மா போன்றவர்களுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். கணித சஞ்சிகைகள் இல்லாத அந்தக் காலத்தில் ஒருவர் கண்டது இன்னொருவருக்குப் போய்ச் சேரும் பாதைகளில் அவருடைய அறையும் ஒன்று. 1644இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில் அவர் ஒரு பட்டியல் தந்தார். இரண்டின் அடுக்குகளிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண்களில், அடுக்கு 257 வரை, பகா எண் தருபவை இவைதாம் என்று பதினொன்றைக் குறித்தார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. மற்ற எல்லாம் பகு எண்களே என்றார்.

இத்தகைய எண்கள்மீது அக்கறை வந்ததற்குக் காரணம் யூக்ளிட். தன் காரணிகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாக இருக்கும் 6, 28 போன்றவற்றை நிறைவெண்கள் என்றார்கள். இந்த வடிவிலான ஒவ்வொரு பகா எண்ணிலிருந்தும் ஒரு நிறைவெண் பிறக்கும் என்று யூக்ளிட் நிறுவியிருந்தார். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது என்பதும் தெரிந்திருந்தது. 11 பகா எண். ஆனால் இரண்டின் பதினோராம் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த 2047, 23ஐ 89ஆல் பெருக்கினால் வருவது.

மெர்ஸென் தன் பட்டியலில் உள்ள பெரிய எண்கள் எல்லாவற்றையும் வகுத்துப் பார்த்திருக்க முடியாது என்பது அக்காலத்தவருக்கே தெரியும். இருந்தும் பட்டியல் நின்றது. 31 சரியென்று ஆய்லர் 1772இல் நிறுவ நூற்று இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. கடைசியில் கணக்குப் பார்த்தபோது ஐந்து தவறுகள். 67உம் 257உம் உள்ளே இருக்கக்கூடாதவை. 61, 89, 107 விட்டுப்போனவை. ஆனாலும் அந்த எண்கள் இன்றுவரை மெர்ஸென் எண்கள் என்றே அழைக்கப்படுகின்றன.

பட்டியல் போடுகிறவர்களை நாம் அறிவோம். தலைசிறந்த பத்து நாவல்கள், தேறும் பதினைந்து கவிஞர்கள். பட்டியலுக்குப் பின்னால் வாசிப்பு உண்டா என்று கேட்பதற்கு முன்பே பட்டியல் பரவிவிடுகிறது. ஆனால் பட்டியல்காரனை முழுக்கவும் தள்ளிவிட முடியாது. மெர்ஸென் அந்தப் பதினோரு எண்களை எழுதியிராவிட்டால் 67இன்மேல் யாருக்கும் கண் போயிருக்காது. உரையாக வந்த அறிவு பொய்த்தபின்னும் தேடவேண்டிய திசையை விட்டுச்சென்றது. அதற்குமேல் அதற்கு மதிப்பு தரவேண்டியதில்லை.

3

எத்வார் லூகா என்ற பிரெஞ்சுக்காரர் 1876இல் ஒரு புதிய சோதனையைக் கண்டார். ஓர் எண் பகா எண்தானா என்று அறிய அதன் காரணிகளைத் தேடவேண்டியதில்லை என்பதுதான் அதன் அதிசயம். பின்னால் டி.எச். லெஹ்மர் 1930 வாக்கில் செப்பம் செய்த வடிவத்தில் அதைச் சொல்கிறேன். வாசகர் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம்.

நான்கிலிருந்து தொடங்குங்கள். அதை அதனாலேயே பெருக்கி இரண்டைக் கழியுங்கள்: 14. மறுபடி அப்படியே: 194. சோதிக்கும் எண்ணைவிடப் பெரிதாகிவிட்டால் அந்த எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவைகள் இதைச் செய்தபின் மீதி பூஜ்யமானால் எண் பகா எண். இல்லையென்றால் பகு எண். இவ்வளவுதான்.

31ஐச் சோதிப்போம். இது இரண்டின் ஐந்தாம் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்தது. ஆகவே மூன்று தடவை. 4, 14, 194. கடைசியை 31ஆல் வகுத்தால் மீதி 8. எட்டெட்டு அறுபத்துநான்கு, இரண்டு போக 62. 31ஆல் மீதியின்றி வகுபடுகிறது. பகா எண். இனி 2047. ஒன்பது தடவை. 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூஜ்யம் வரவில்லை. ஆகவே 2047 பகு எண்.

அந்த 1736ஐச் சற்று உற்றுப் பார்க்கவேண்டும். 2047இன் காரணிகள் 23உம் 89உம். 1736 இவை இரண்டாலும் வகுபடாது. அவற்றைப் பற்றிய எந்தத் தகவலையும் அது நம்மிடம் தருவதில்லை. எண் உடைந்தது என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, எங்கே உடைந்தது என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறது.

லூகா இப்படித்தான் 127ஆம் அடுக்கின் எண் பகா எண் என்று நிறுவினார். முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட எண். அதே ஆண்டு, 67ஆம் அடுக்கின் எண் பகு எண் என்றும் அறிவித்தார். மெர்ஸெனின் பட்டியலில் விழுந்த முதல் அடி அது. நம் எண்ணுக்குக் காரணிகள் உண்டு என்று தெரிந்துவிட்டது. அவை எவை என்று தெரியவில்லை. லூகா 1891இல் இறந்தார். அந்தக் காரணிகளை அவர் கடைசிவரை பார்க்கவில்லை.

இதுதான் கருதல். மலைமேல் புகை, ஆகவே நெருப்பு. நம் தர்க்க நூல்களின் இந்தப் பழைய உதாரணத்தில் ஒன்றைக் கவனிக்க மறந்துவிடுகிறோம். புகையிலிருந்து கிடைப்பது நெருப்பு இருக்கிறது என்ற பொதுச் செய்தி மட்டுமே. எந்த மரம் எரிகிறது, கொழுந்து எவ்வளவு உயரம் என்பது புகையில் இல்லை. பௌத்த தர்க்கவாதி திங்நாகர் இதைக் கூர்மையாகப் பிடித்திருக்கிறார். காண்டல், கருதல் என்ற இரண்டு அளவைகளை மட்டுமே அவர் ஏற்றார். காண்டல் தொடுவது தனித்த பொருளை. கருதல் எட்டுவது பொதுமையை மட்டும். இரண்டுக்கும் விஷயமே வேறு. மணிமேகலையில் அறவண அடிகள் எடுத்துரைக்கும் பௌத்தமும் இந்த இரண்டோடு நின்றுவிடுகிறது. லூகா அறிந்தது 'சில காரணிகள்' என்ற பொதுமையை. எந்தத் தனி எண்ணையும் அவர் அறியவில்லை.

லூகாவின் அறிவில் இன்னொரு பலவீனமும் உண்டு. இது தர்க்கத்தைச் சேர்ந்தது அல்ல, மனிதக் கையைச் சேர்ந்தது. இருபத்தோரு இலக்க எண்களை அறுபது தடவைக்கு மேல் பெருக்கி வகுக்கும்போது எங்காவது ஓர் இலக்கம் தவறினால் என்ன ஆகும்? கடைசியில் பூஜ்யம் வராது. பூஜ்யம் வராவிட்டால் சோதனை சொல்லும் பதில்: பகு எண். அதாவது கணக்கிட்டவனின் கவனப்பிசகும் எண்ணின் குறையும் ஒரே முகத்தோடு வந்து நிற்கின்றன. மாறாகப் பூஜ்யம் வந்துவிட்டால் அது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம். ஏற்பு தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிறது. நிராகரிப்பு அப்படிச் செய்வதில்லை. நிராகரிக்கிறவன் தன் கையை இன்னொரு முறை பார்த்துக்கொள்ள வேண்டியவன் என்பது இந்தச் சோதனையின் அமைப்பிலேயே இருக்கிறது.

4

1903 அக்டோபர் 31. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியரும் கழகத்தின் செயலாளருமான ஃபிராங்க் நெல்சன் கோல், பெரிய எண்களைக் காரணிகளாகப் பிரிப்பது பற்றிய கட்டுரையைச் சமர்ப்பித்தார். கதை சொல்வது இது: கோல் கரும்பலகைக்குப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டை அறுபத்தேழாம் அடுக்குக்கு உயர்த்தி ஒன்றைக் கழித்தார். பலகையின் மறுபக்கம் போய்

193707721 × 761838257287

என்று எழுதி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வரிவரியாகப் பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தன. பேசாமலே போய் உட்கார்ந்தார். சபை கைதட்டியது. எத்தனை காலம் பிடித்தது என்று பிற்பாடு கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

விடையைச் சரிபார்க்க இலக்கங்களின் முனையையாவது தொட்டுப் பார்க்கலாம். இரண்டு காரணிகளின் கடைசி மூன்று இலக்கங்கள் 721, 287. பெருக்கினால் 206927. அதன் கடைசி 927தான் நம் எண்ணின் கடைசியும். மீதியைப் பெருக்கிப் பார்க்க ஒரு மாலைப்பொழுது வேண்டாம்.

காரணிகளைத் தேடுவதற்குச் சில வேலிகள் முன்பே போடப்பட்டிருந்தன. இந்த எண்ணின் எந்தக் காரணியும் 134இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கமுடியும் என்பது ஃபெர்மா காலத்து விதியிலிருந்து கிடைப்பது. சின்னக் காரணி 134ஐ 1445580ஆல் பெருக்கி ஒன்று கூட்டினால் வருவது. ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போயிருந்தால் ஏறத்தாழ பதினான்கரை லட்சமாவது படியில் அது நின்றிருந்தது. கோல் இருபடி எச்சங்களைக்கொண்டு இன்னும் பல படிகளைத் தாண்டினார். ஆனாலும் உழைப்பு உழைப்புத்தான்.

இந்த உழைப்பில் ஒரு துளிகூட விடையில் தெரிவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. கேட்டவர்களுக்கு வேண்டியிருந்தது பெருக்கல் தெரிந்திருப்பது மட்டும். லூகாவின் சோதனையைப் புரிந்துகொள்ள எண்கோட்பாடு வேண்டும். மெர்ஸெனை ஏற்க அவர்மீது மரியாதை வேண்டும். கோல் தன் அறிவை யாரிடமும் எதையும் கேட்காத நிலைக்குக் கொண்டுவந்து வைத்தார். நம்பு என்றும் சொல்லவில்லை, படித்துவிட்டு வா என்றும் சொல்லவில்லை. ஞானத்தில் ஜனநாயகம் என்று ஒன்று உண்டானால் அது இந்தப் பெருக்கல் மாதிரி இருக்கவேண்டும். மூன்று வருஷத்து உழைப்பை ஒளித்துவிட்டு எதிரில் இருப்பவனைத் தனக்குச் சமானமாக்குகிற பெருக்கல்.

5

1903க்கு முன்பு அந்த இரண்டு காரணிகள் எங்கே இருந்தன?

கேள்வி அசட்டுத்தனமாகத் தோன்றலாம். அங்கேயேதான் இருந்தன என்பார் ஹார்டி. 1940இல் எழுதிய தன் நூலில் அவர் கணித உண்மையை மனிதர்களின் எண்ணத்துக்கு அப்பால் நிற்கும் யதார்த்தமாகவே பேசுகிறார். மேஜை நாற்காலிகளைவிட எண்கள் அவருக்குத் திடமானவை. விட்கென்ஸ்டைன் மறுபக்கம். கணிதக்காரன் கண்டுபிடிப்பவன் இல்லை, உண்டாக்குபவன் என்பது அவர் நிலை. ஒரு நிரூபணம் வரும்வரை அந்தச் சொற்களுக்கு முழுப்பொருளே இல்லை.

டச்சுக்காரரான ப்ரௌவர் இந்த நூற்றாண்டுச் சர்ச்சையின் மையத்தில் இருந்தவர். ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்ல அதை ஆக்கிக் காட்டவேண்டும், 'இல்லை என்று கொண்டால் முரண் வருகிறது' என்பது போதாது என்று 1907 முதல் வாதாடினார். லூகாவை அவர் நிராகரிப்பார் என்று அவசரமாக நினைத்துவிடலாம். அப்படியல்ல. நம் எண்ணின் சின்னக் காரணி அதன் வர்க்கமூலத்துக்குள், அதாவது சுமார் 1215 கோடிக்குள், இருந்தாகவேண்டும். தேடலுக்கு முடிவு உண்டு. பொறுமை இருந்தால் ஆக்கிக் காட்டலாம். ப்ரௌவரின் சந்தேகம் முடிவற்றதைப் பற்றியது. இங்கே அவரும் லூகாவோடு ஒத்துப்போவார்.

ஆனால் இந்த ஒத்துப்போதல் எனக்குப் போதவில்லை. 'தேடினால் கிடைக்கும்' என்பதற்கும் 'கிடைத்துவிட்டது' என்பதற்கும் நடுவில் தத்துவவாதிக்குப் பெரிய இடைவெளி இல்லை. மனிதனுக்கு அங்கே மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. முடிவுள்ள தேடல் எல்லாம் ஆயுளுக்குள் முடிவதில்லை. இரண்டின் 1277ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த எண்ணுக்கு 385 இலக்கங்கள். அது பகு எண் என்பது நிறுவப்பட்டுவிட்டது. யந்திரங்கள் ஆண்டுக்கணக்கில் துருவியும் அதன் ஒரு காரணிகூடக் கிடைக்கவில்லை. 1876க்கும் 1903க்கும் இடையே நம் எண் நின்ற அதே இடத்தில் இன்று அது நிற்கிறது. அதன் காரணிகள் எங்கோ 'இருக்கின்றன' என்று ஹார்டியைப் போலச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த இருப்பால் நமக்கு இன்னும் எதுவும் ஆகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

எண்கோட்பாடு உலகத்துக்குப் பயன்படாதது என்பதில் ஹார்டிக்கு ஒரு பெருமிதம் இருந்தது. அதைக் காலம் கலைத்துவிட்டது. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர், பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம் என்ற இந்த ஏறுமாறையே பூட்டாக்கினார்கள். இரண்டு பெரிய பகா எண்களை ரகசியமாக வைத்துக்கொண்டு அவற்றின் பெருக்கத்தை ஊரறிய வெளியிட்டுவிடலாம். அவ்வாண்டு சவாலாக வெளியான 129 இலக்க எண்ணைப் பிரிக்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின. 1994இல் அறுநூறு பேர் அளவில் தங்கள் கணிப்பொறிகளைச் சேர்த்து அதைச் செய்தார்கள். வங்கிக்கும் கடிதத்துக்கும் இந்த வகைப் பூட்டுகள் இன்று காவல். லூகாவின் நிலை, உடைந்தது தெரியும், எங்கே என்று தெரியாது என்கிற நிலை, சந்தைச்சரக்காகிவிட்டது. பிரிப்பது இயல்பிலேயே கடினம் என்பதற்கு நிரூபணம் கிடையாது என்பது இதில் வேடிக்கை. எளிய வழி இதுவரை யாருக்கும் அகப்படவில்லை. அந்த அகப்படாமையின்மேல் இவ்வளவு பெரிய கட்டடம் எழும்பியிருக்கிறது.

6

விமர்சனத்துக்கு வருகிறேன். இது கவிதையும் விமர்சனமும் வரும் பத்திரிகை.

ஒரு கவிதையைப் படித்ததும் 'இது ஆகவில்லை' என்று தெரிந்துவிடுகிறது. தேர்ந்த வாசகனுக்கு இந்த உணர்வு பொய்ப்பதில்லை என்றே வைத்துக்கொள்வோம். எங்கே ஆகவில்லை என்று கேட்டால் திணறுகிறான். நம் விமர்சனத்தில் பெரும்பகுதி இந்தத் திணறலை மறைக்கும் முயற்சி. 'போலி', 'செயற்கை', 'அனுபவத்தின் வேர் இல்லை' போன்ற சொற்கள் 1736 மாதிரி: பூஜ்யம் வரவில்லை என்று மட்டும் சொல்கின்றன, 23ஐயும் 89ஐயும் காட்டுவதில்லை. எழுதியவன் அதிலிருந்து கற்றுக்கொள்ளவோ மறுத்துப் பேசவோ எதுவும் இல்லை.

கவிதை எண் இல்லை, அதற்குக் காரணிகள் கிடையாது என்று ஆட்சேபிக்கலாம். உண்மை. கவிதையில் தவறைக் காட்டுவது பெருக்கிக் காட்டுவதுபோல் முடிந்த காரியமாக ஒருபோதும் ஆகாது. ஆனால் லூகாவிடமும் காட்ட எதுவும் இருக்கவில்லை. அவருடைய தீர்ப்பு அதனால் நேர்மைக் குறைவானதாகிவிடவில்லை. காரணம், அவர் தன் சோதனையை வெளியே வைத்தார். வேறொருவன் அதே நான்கிலிருந்து தொடங்கி அதே வழியில் போய் அதே மீதிக்கு வரமுடியும், வராவிட்டால் அவரைக் கேள்வி கேட்கமுடியும். ஆகவே விமர்சகனிடம் எப்போதும் கோலாக இரு என்று கேட்கத் தேவையில்லை. ஒன்று காட்டு, இல்லையேல் நீ வந்த வழியையாவது பிறர் நடந்து பார்க்கும்படி வை. இரண்டும் செய்யாமல் தீர்ப்பை மட்டும் தருகிறவன் 1644இல் இருக்கிறான், அவன் ரசனை எவ்வளவு நவீனமானதாக இருந்தாலும்.

இன்னொன்றையும் லூகாவின் சோதனை சொல்லிவைத்திருக்கிறது. நிராகரிப்பில் விமர்சகனின் சறுக்கலும் படைப்பின் சறுக்கலும் ஒரே மாதிரித் தெரியும். பூஜ்யம் வராதபோது முதல் சந்தேகம் தன் பெருக்கல்மீது வரவேண்டும். நம்மிடையே அது அங்கே வருவதில்லை.

உடைந்தது என்று சொல்கிறவன் ஒரு கடன் படுகிறான். எங்கே என்று ஒருநாள் யாராவது காட்டியாக வேண்டும். லூகா பட்ட கடனைத் தீர்த்தவர் வேறொருவர், வேறொரு கண்டத்தில், இருபத்தேழு ஆண்டுகள் கழித்து. 1277இன் கடன் நிற்கிறது. கடன் தீர்க்கப்படாமல் இருப்பதில் அவமானம் இல்லை. கடனே இல்லை என்று நடந்துகொள்வதில்தான் அவமானம்.

கோலின் மௌனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காட்சியை நமக்கு எழுதித் தந்தவர் எரிக் டெம்பிள் பெல், 1951இல் வெளிவந்த நூலில். கோல் 1926இலேயே இறந்துவிட்டார். கூட்டம் நடந்தபோது பெல்லுக்கு இருபது வயது. ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றித் தான் நேரில் கேட்டது 1911இல் என்கிறார். கணிதக்காரர்களின் வாழ்க்கைக்குச் சாயம் ஏற்றி எழுதுபவர் என்ற பெயர் பெல்லுக்கு உண்டு. ஆகவே கோல் பேசாமல் நின்றாரா, சபை கைதட்டியதா, எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என்பதெல்லாம் உரையாக மட்டுமே நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நல்ல கதை, நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். பலகையில் எழுதியதற்கு அந்தக் கதி இல்லை. ஒன்பது இலக்கங்கள், பன்னிரண்டு இலக்கங்கள், ஒரு தாள். பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.